சுட்டுவிரல்

தெமோதரையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வளரும் பிள்ளைகளுக்கு ரயில் ஒரு பெரிய விளையாட்டுச் சாமான். மலையை ஒரு சுற்றுச் சுற்றி, தான் வந்த பாதைக்கு அடியிலேயே நுழைந்துபோகும் ரயில் அது. லயத்து வாசலில் அம்மாவின் இடுப்பில் இருக்கும் ஒரு வயதுப் பிள்ளை, கூவல் சத்தம் கேட்டதும் கையை நீட்டும். விரல் ஒன்று மட்டும் நிமிரும். அடுத்து நடப்பதை நாம் கவனிப்பதில்லை. பிள்ளை ரயிலை விட்டுவிட்டு அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். அம்மாவும் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் மறுபடி ரயிலுக்குத் திரும்பும். "அந்தா போகுது பாரு ரயிலு" என்று அவள் சொல்லிவிட்டால் அதற்கு அவ்வளவு சந்தோசம்.

பிஸ்கட் டின்னைப் பார்த்துக் கை நீட்டுவது வேறு, இது வேறு. அது கேட்பது. ரயில் வேண்டும் என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. நான் பார்ப்பதை நீயும் பார் என்கிறது, அவ்வளவுதான். அறிவியலாளர்கள் இதைக் கூட்டுக் கவனம் என்கிறார்கள். பொதுவாக 9 மாதத்துக்கும் 14 மாதத்துக்கும் இடையில் இது வந்துவிடுகிறது. பேச்சு இதன் முதுகில் ஏறித்தான் வருகிறது. அம்மா 'ரயில்' என்று சொல்லும்போது அவள் சொல்வது புகையையா, பாலத்தையா, அந்த நீளமான பெட்டியையா என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டுமே. இருவர் கண்ணும் ஒரே இடத்தில் நின்றால்தான் சொல் பொருளோடு ஒட்டும். நம் இலக்கணக்காரர்கள் அ, இ, உ என்று மூன்று சுட்டெழுத்துகளைச் சொன்னார்கள். (உகரச் சுட்டு யாழ்ப்பாணத்தில் இன்றும் புழங்குகிறது, மலையகத்தில் எங்கள் வாயில் இல்லை.) அந்த மூன்று எழுத்தும் வருமுன்னே பிள்ளைக்கு விரல் வந்துவிடுகிறது.

18 மாதமாகியும் அந்த விரல் நீளவில்லை என்றால் கவனிக்க வேண்டும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது, கண்ணைப் பார்ப்பதைத் தவிர்ப்பது, வெறும் கோப்பையை வாயில் வைத்துத் தேத்தண்ணி குடிப்பதுபோல் பாவனை செய்து விளையாடாமல் இருப்பது, வந்த சொல்லிரண்டும் காணாமல் போவது, ஒரு சில்லையோ போத்தல் மூடியையோ மணிக்கணக்கில் சுழற்றுவது ஆகியவையும் சேர்ந்திருந்தால் இன்னும் கவனிக்க வேண்டும். இவற்றில் ஏதோ ஒன்று இருப்பதாலேயே ஓட்டிசம் என்றாகிவிடாது. காது கேளாத பிள்ளையும் பேருக்குத் திரும்பாது. ஆகவே முதலில் காதைப் பார்ப்பார்கள். ஆனால் அடையாளங்கள் கூடிக்கொண்டு போனால் 'ஆம்பளப் பிள்ள லேட்டாத்தான் பேசும், இவன் அப்பனும் மூணு வயசுலதான் வாய தொறந்தான்' என்று காத்திருப்பதில் போவது ஒரு வருடமல்ல, இரண்டு வருடம்.

ஓட்டிசம் என்பதற்கு எங்கள் லயங்களில் சொல் கிடையாது. தமிழ்நாட்டில் ஆட்டிசம் என்றும், புத்தகத் தமிழில் மதியிறுக்கம் என்றும் எழுதுகிறார்கள். மதி எங்கே இறுகியது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அந்தச் சொல்லில் எனக்குப் பிரியமில்லை. சொல் இல்லாத இடத்தில் பக்கத்தில் கிடக்கும் சொற்கள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஊமை, லூசு, முனி அடிச்ச பிள்ளை. ரோதமுனி, மாடசாமி என்று காவல் தெய்வங்கள் நிறைந்த மலையில், சும்மா சும்மா சிரிக்கிற, ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து குதிக்கிற பிள்ளைக்கு நூல் மந்திரித்துக் கட்டுவது முதல் வேலை. நாக்கில் வசம்பு உரசித் தடவுவது அடுத்தது. கதிர்காமத்துக்கு நேர்த்தி வைப்பது மூன்றாவது. இதையெல்லாம் நான் கேலி செய்யவில்லை. கொழும்புக்குப் போய்வரக் காசில்லாதவர்களுக்குக் கிட்டத்தில் இருப்பது சாமிதான்.

நூல் கட்டுவதைவிடக் கெடுதலானது ஒன்று உண்டு. அது அம்மாவைக் குற்றம் சொல்வது. கர்ப்பத்தில் கிரகணம் பார்த்தாள், போனைக் கையில் கொடுத்துவிட்டு அடுப்படியில் நின்றாள், எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையை விட்டுவிட்டு வெளிநாடு போனாள். பதுளை, மொனராகலைப் பக்கம் வளைகுடா வீடுகளில் வேலை செய்யப் போன பெண்கள் இல்லாத ஊர் குறைவு. அப்பாயியோ அம்மாயியோ பிள்ளையை வளர்க்கிறாள். பிள்ளை பேசவில்லை என்றால் தீர்ப்புத் தயாராக இருக்கிறது. அரசும் ஒரு காலத்தில் இந்த மனப்போக்கோடு ஒத்துப்போனது. 2013இல் வந்த குடும்பப் பின்னணி அறிக்கை விதிப்படி, 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு போக முடியாது. பொருளாதாரம் சரிந்து டொலர் தேவைப்பட்ட 2022இல் அந்த வயதை 2 ஆக்கினார்கள். தகப்பன்மாருக்கு அப்படி ஒரு விதி இருக்கவே இல்லை.

தாயைச் சுட்டுகிற இந்த விரல் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் லியோ கானர் 1943இல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையோடுதான் ஓட்டிசம் என்ற பெயர் மருத்துவ உலகில் நிலைத்தது. (அதற்கு 18 வருடம் முன்பே, 1925இல், குரூனியா சுகரேவா என்ற சோவியத் வைத்தியர் ஆறு பையன்களிடம் இதே குணங்களைக் கண்டு எழுதியிருந்தார், பெயர் அவருக்குப் போகவில்லை.) அந்தப் பிள்ளைகளின் பெற்றோரிடம் பாசத்தின் சூடு குறைவாக இருந்ததாகக் கானர் குறித்துவைத்தார். அந்தக் குறிப்பு வளர்ந்து 'குளிர்சாதனப் பெட்டித் தாய்' ஆனது. சிகாகோவில் புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் ஒரு புத்தகமே எழுதி, பிள்ளை ஒதுங்குவதற்குத் தாயின் மனக்குளிர்தான் காரணம் என்று படித்தவர்களை நம்பவைத்தார். லயத்துக் கிழவி சொன்னால் மூடநம்பிக்கை, சிகாகோவில் சொன்னால் கோட்பாடு.

அதை அசைத்தது ஒரு சின்ன ஆய்வு. சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் இருவரும் 1977இல் பிரித்தானியாவில் 21 இரட்டையர் சோடிகளைப் பார்த்தார்கள். ஒவ்வொரு சோடியிலும் ஒருவருக்காவது ஓட்டிசம் இருந்தது. ஒரே கருவில் பிரிந்த 11 சோடிகளில் 4இல் மற்றவருக்கும் இருந்தது. வெவ்வேறு கருவில் உருவான 10 சோடிகளில் ஒன்றில்கூட இல்லை. எல்லா இரட்டையருக்கும் தாய் ஒருத்திதான், வீடு ஒன்றுதான். பாசத்தின் குளிர் காரணமென்றால் இரண்டு வகைச் சோடிகளும் ஒரே மாதிரி அல்லவா இருந்திருக்க வேண்டும்? அதன்பிறகு வந்த பெரிய ஆய்வுகள், ஓட்டிசம் யாருக்கு வருகிறது என்ற வேறுபாட்டில் பெரும்பங்கு மரபணுவினுடையது என்று காட்டின. ஒற்றை மரபணு அல்ல. நூற்றுக்கும் மேற்பட்டவை இதில் தொடர்புள்ளவை.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. சௌஷெஸ்கு காலத்து ருமேனிய அநாதை இல்லங்களில் யாரும் தூக்காமல், பேசாமல், தொட்டிலிலேயே கிடந்த பிள்ளைகள் சிலரிடம் ஓட்டிசம் போன்ற குணங்களை அதே ரட்டரின் குழு கண்டது. ஆகவே அடியோடு கைவிடப்படுவது பிள்ளையை மாற்றும் என்பது உண்மை. ஆனால் அப்பாயியின் மடியில் கதை கேட்டு, லயத்துப் பிள்ளைகளோடு மண்ணில் புரண்டு வளர்வதை அந்தத் தொட்டிலோடு ஒப்பிடுவது அநியாயம். போனும் அப்படித்தான். நாள் முழுக்க திரையைப் பார்க்கிற பிள்ளைக்குப் பேச்சு பிந்தலாம். பிள்ளையிடம் பேச வேண்டியவர் வாய் மூடியிருப்பதால். அதற்காகப் போன் ஓட்டிசத்தை உண்டாக்கியது என்று சொல்ல முடியாது. பேச முடியாத பிள்ளை திரையில் ஒன்றிப்போவதைப் பார்த்துவிட்டு நாம் காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போட்டுக்கொள்கிறோம்.

மூளைக்குள் என்ன நடக்கிறது? இதைத் தேயிலைக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். தேயிலைச் செடியை அப்படியே விட்டால் மரமாகிப் போகும். சில வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டினால்தான் பரந்து கொழுந்து தள்ளும். பிள்ளையின் மூளையும் முதலில் தேவைக்கு அதிகமாக நரம்பு இணைப்புகளைத் தள்ளிவிடுகிறது. பிறகு பாவிக்கிற இணைப்பை வைத்துக்கொண்டு பாவிக்காததை வெட்டிக்கொண்டே போகிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2014இல் வெளியான ஓர் ஆய்வில், இறந்துபோன பிள்ளைகளின் மூளைத் திசுவை எடுத்து இந்த இணைப்பு முனைகளை எண்ணினார்கள். ஓட்டிசம் இல்லாதவர்களிடம் பிள்ளைப்பருவம் முடிவதற்குள் அவை பாதியாகக் குறைந்திருந்தன. ஓட்டிசம் உள்ளவர்களிடம் குறைந்தது 16 வீதம்தான். கவ்வாத்துக் கத்தி மந்தமாக இருந்திருக்கிறது. பார்த்த மூளைகள் சில பத்துதான், எல்லோருக்கும் இதே கதை என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் இந்தப் படம் ஒன்றை விளங்கப்படுத்துகிறது: இணைப்பு குறைந்ததால் மட்டுமல்ல, கூடிப்போனதாலும் ஒரு மூளை திணறலாம்.

அந்தத் திணறலை லயத்தில் பார்க்கலாம். காமன் கூத்துக் காலம். தப்புச் சத்தம் மலையில் மோதித் திரும்பும். எல்லாப் பிள்ளைகளும் ஓடிப்போய்த் தப்படிப்பவரைச் சுற்றி ஆட, ஒரு பிள்ளை மட்டும் காதைப் பொத்திக்கொண்டு காம்பராவின் மூலையில் தலையை முட்டும். நமக்குச் சத்தம் என்றால் அதற்குத் தாக்குதல். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் கையேட்டைத் திருத்தியபோதுதான் இந்தப் புலன் மிகையுணர்வை ஓட்டிசத்தின் குணங்களில் ஒன்றாகச் சேர்த்தது. அம்மாமார் அதற்கு வெகுகாலம் முன்பே அறிந்திருந்தார்கள். தடித்த சட்டையைப் போட்டால் கிழித்துப்போடுகிறது, ரொட்டியைத் தவிர வேறெதையும் வாயில் வைக்காது, ரொட்டியும் வட்டமாக இருக்க வேண்டும் என்று. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் லயத்தில் இந்த அழுகையை மறைக்கவும் முடியாது. நள்ளிரவு அலறல் இரண்டு பக்கமும் கேட்கும். 'அந்தப் பிள்ளைக்கு ரெண்டு அடி போட்டா சரியாகும்' என்ற ஆலோசனை சுவரைத் தாண்டி வரும். அதே லயம்தான், பிள்ளை யாரும் பார்க்காத நேரம் கான் பக்கம் இறங்கி ஓடிவிட்டால், பத்துப் பேராகக் கிளம்பித் தேடிக் கொண்டுவரும். கொழும்பு மாடிக் குடியிருப்பில் இந்த இரண்டும் கிடைக்காது.

எத்தனை பிள்ளைகள் என்பதற்கு இலங்கையில் ஓர் அளவு இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்துச் சிறுவர் உளவைத்தியப் பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் சகாக்களும் ஒரு நகர்சார் பகுதியில் 18 முதல் 24 மாதம் வரையான 374 பிள்ளைகளைப் பரிசோதித்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். 93 பிள்ளைகளுக்கு ஒருவர். அதாவது கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 4 பேர்தான். சின்ன எண்தான், ஆனால் உலகின் மற்ற இடங்களில் கிடைத்த நூற்றுக்கு ஒன்று என்ற அளவோடு ஒத்துப்போகிறது. தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பரா ஒன்றில் முப்பது பிள்ளைகள் என்று வைத்தால், மூன்று பிள்ளைக்காம்பராவுக்கு ஒரு பிள்ளை.

அந்த ஆய்வில் என்னை உட்காரவைத்தது வேறொன்று. அமெரிக்காவில் உருவான ஒரு கேள்வித்தாளை மொழிபெயர்த்துத் தாய்மாரிடம் கொடுத்திருந்தார்கள். உங்கள் பிள்ளை விரலால் காட்டுமா, பேருக்குத் திரும்புமா என்ற மாதிரிக் கேள்விகள், ஆம் இல்லை என்று பதில். அந்தத் தாள் நான்கில் ஒரு பிள்ளையைத்தான் பிடித்தது. மீதி மூன்று பிள்ளைகளின் தாய்மார் சொன்ன பதில்களில் குறை தெரியவில்லை. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. 'காட்டுமா' என்று கேட்டால் எந்தத் தாயும் 'காட்டுமே' என்பாள். அவள் மனதில் வருவது, பிள்ளை தன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் பிஸ்கட் டின்னின் மேல் வைப்பது. தாயின் கையை ஒரு கரண்டிபோலப் பாவிப்பதும் தன் விரலால் ரயிலைக் காட்டுவதும் ஒன்றல்ல என்று கேள்வித்தாள் சொல்லவில்லை. தவிர, வெள்ளைச் சட்டைக்காரர் கேட்கும் கேள்விக்கு 'இல்லை' என்று சொல்வது எங்கள் பெண்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது கிளினிக் வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். வீட்டில் மாமியார் காதுக்குப் போகும் என்ற பயம் வேறு.

பெரேராவின் குழு அடுத்ததாகச் செய்ததுதான் அழகு. கேள்வியை விட்டுவிட்டுப் படத்தை எடுத்தார்கள். 2017இல் வெளியான அந்தக் கருவியில் 21 அம்சங்கள். பிள்ளையின் நடத்தையைப் படமாகக் காட்டி, உங்கள் பிள்ளை இப்படிச் செய்கிறதா என்று தாயிடம் கேட்பார்கள். எழுத வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. சிங்களமா தமிழா என்பதும் பெரிய தடையில்லை. தன் பிள்ளையைப் படத்தில் பார்த்த தாய்க்கு மறுப்பதற்கு ஒன்றுமில்லை.

இனி எங்கள் ஊவா மாகாணத்தின் பிரச்சினைக்கு வருகிறேன். சந்தேகம் வந்த பிறகு எங்கே போவது? சிறுவர் உளவைத்தியம், பேச்சு சிகிச்சை, தொழில்வழிச் சிகிச்சை என்று எல்லாம் ஓரிடத்தில் கிடைப்பது முக்கியமாகக் கொழும்பு சீமாட்டி ரிட்ஜ்வே ஆஸ்பத்திரியிலும் ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு சேர்ந்த அயதி நிலையத்திலும். பதுளையிலிருந்து கொழும்புக்கு ரயிலில் ஏறத்தாழ பத்து மணி நேரம். ஓட்டிசமுள்ள பிள்ளையை நெரிசலான பெட்டியில் பத்து மணி நேரம் வைத்திருப்பது என்றால் என்ன என்று செய்தவர்களைக் கேட்க வேண்டும். கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு அது இரண்டு நாள் பேர், அதாவது இரண்டு நாள் சம்பளம். 2024 செப்டம்பரில் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. கிலோ குறைந்தால் அரைப் பேர், மலைக்கு வராவிட்டால் பேரே இல்லை. அப்படிப் போய்ச் சேர்ந்தாலும் தமிழில் வேலை செய்யக்கூடிய பேச்சு சிகிச்சையாளர் நாட்டிலேயே குறைவு. பேச்சை வளர்க்கிற சிகிச்சை, பிள்ளை வீட்டில் கேட்கிற மொழியில் அல்லவா நடக்க வேண்டும்! வசதியாக இருக்கட்டும் என்று 'வீட்டில் ஒரே மொழி பேசுங்கள், சிங்களமே பேசுங்கள்' என்று சில இடங்களில் புத்தி சொல்லப்படுகிறது. இரண்டு மொழி கேட்பது ஓட்டிசமுள்ள பிள்ளையின் பேச்சைக் கெடுக்கும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. தாய்க்குச் சரளமாக வராத மொழியில் பிள்ளையைக் கொஞ்சச் சொன்னால் கொஞ்சலே நின்றுபோகும்.

நிபுணர் வரும்வரை ஒன்றும் செய்ய முடியாதா? கோவாவிலும் ராவல்பிண்டியிலும் இதைச் சோதித்தார்கள். 65 பிள்ளைகள். சிகிச்சை கொடுத்தவர்கள் வைத்தியர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரணச் சுகாதார ஊழியர்கள். அவர்கள் பிள்ளைக்கு நேரடியாக ஒன்றும் செய்யவில்லை. தாயும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, தாயோடு உட்கார்ந்து பார்த்தார்கள். பிள்ளை மூடியைச் சுழற்றும்போது நீங்கள் பொம்மையை நீட்டுகிறீர்கள், அதற்குப் பதில் மூடியைப் பற்றியே ஒரு சொல் சொல்லிப் பாருங்கள் என்ற மாதிரி. 2015இல் வந்த முடிவின்படி, பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு இசைந்து பதில் சொல்வது நன்றாகக் கூடியது. பிள்ளைகள் தாமாகவே தொடர்புகொள்ள முயல்வதும் கூடியது. இருவரும் கூட்டுக் கவனத்தில் இருந்த நேரம் மட்டும் குறைந்தது. அதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். ஓட்டிசத்துக்கு 'குணமாக்குகிறோம்' என்று விளம்பரம் செய்கிற எந்த இடத்திலும் இப்படி ஒரு வசனத்தைப் பார்க்க முடியாது. உலகச் சுகாதார அமைப்பும் 2022இல் பெற்றோர் பயிற்சித் திட்டமொன்றை வெளியிட்டது. பயிற்சி நடப்பது குளிப்பாட்டும்போதும் சாப்பாடு கொடுக்கும்போதும். லயத்தில் அதற்கென்று தனி அறை தேவையில்லை. மாவு பிசையும்போது ஒரு உருண்டையைக் கொடுத்து, 'ரொட்டி' என்று ஒரு சொல் சொல்லி, பிள்ளை ஏதாவது செய்யும்வரை பத்து எண்ணிக் காத்திருக்கலாம். அந்தக் காத்திருப்புதான் கஷ்டமான பகுதி. நமக்குப் பிள்ளையிடம் பேசிப் பழக்கம், காத்திருந்து பழக்கமில்லை.

பிள்ளைக்காம்பராவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். வாயில் வருவது பழைய பெயர்தான். தாய் மலைக்குப் போக வேண்டும், கொழுந்து நிற்கக் கூடாது என்ற கணக்கில் தோட்டத்துரைமார் ஆரம்பித்த ஏற்பாடு அது. பிள்ளைமேல் கொண்ட அன்பால் பிறந்ததல்ல. ஆனால் அதன் பலன் ஒன்றை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. கைக்குழந்தை முதல் ஐந்து வயது வரை, காலையிலிருந்து சாயந்தரம் வரை, ஒரே வயதுப் பிள்ளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே ஆயம்மா வருடக்கணக்கில் பார்க்கிறாள். கொழும்பில் காசு கொடுத்துக் கிளினிக்கில் முக்கால் மணி நேரம் பார்க்கிற நிபுணருக்கு இது கிடைக்காது. தாய்க்குத் தன் பிள்ளையை ஒப்பிட வேறு பிள்ளை இல்லை. ஆயம்மாவுக்கு இருபத்தொன்பது இருக்கிறது. எந்தப் பிள்ளை பேருக்குத் திரும்பாது, எது மற்றப் பிள்ளைகள் விளையாடும்போது கதவின் பூட்டை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவளிடம் யாரும் கேட்பதில்லை. அவள் புத்தகத்தில் வரவு இருக்கிறது, பால் மா கணக்கு இருக்கிறது, நிறை இருக்கிறது.

18 மாதத்தில் ஓர் ஊசி உண்டு. இலங்கையின் தடுப்பூசி அட்டவணையில் முக்கூட்டு ஊசியும் போலியோ சொட்டும் அந்த வயதில் வருகின்றன. இந்த நாட்டில் அதைத் தவறவிடும் பிள்ளை மிகக் குறைவு. ஓட்டிசத்தின் அடையாளங்கள் துலங்கி வருவதும் அதே வயதில்தான். அதனால்தான் ஊசிமேல் பழி விழுந்தது. 1998இல் அண்ட்ரூ வேக்பீல்ட் 12 பிள்ளைகளை வைத்து, தட்டம்மைத் தடுப்பூசியை ஓட்டிசத்தோடு தொடர்புபடுத்தி எழுதிய கட்டுரையை, அதை வெளியிட்ட மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து 2019இல் வெளியிட்ட ஆய்வில் தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பு எதுவும் இல்லை. நான் சொல்ல வருவது வேறு. அந்த வயதில், அந்த நாளில், அநேகமாக ஒவ்வொரு தோட்டத்துப் பிள்ளையும் குடும்பநல உத்தியோகத்தர் முன்னால் வந்து நிற்கிறது. மிட்வைஃப் அம்மா நிறுவையில் வைக்கிறார், அட்டையில் புள்ளி போடுகிறார், ஊசி போடுகிறார்கள். பிள்ளை அழுகிறது. தாய் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு வாசலுக்கு வருகிறாள், அழுகையை மறக்கடிக்க எல்லாத் தாய்மாரும் செய்வதுபோல "அந்தா பாரு, பஸ்ஸு" என்று ரோட்டைக் காட்டுகிறாள்.

அந்த நேரத்தில் பிள்ளையின் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்க, ஆயம்மாவையும் கூட்டிவந்து வாசலில் நிறுத்தினால் போதும்.